கட்-ஆஃப் குறைந்த வாசல்

உட்காருங்க, உட்காருங்க. உங்க டோக்கன் இருபத்திமூணு. எதிர்த்தாப்புல பதிவு ஆபீசுல இப்பத்தான் ஒன்பதாவது ஆளைக் கூப்பிட்டிருக்காங்க. பத்திரம் அடிச்சு ரெடியா இருக்குது. சாட்சி ரெண்டு பேரும் டீக்கடையில இருக்காங்க, எங்கயும் ஓடிப் போயிர மாட்டாங்க. சேரை ஃபேனுக்கு நேரா இழுத்துப் போட்டுக்குங்க.

என்ன கேட்டீங்க? ஆமா, இந்த ஊருக்குக் குடி வரப்போறோம், புள்ளையைச் சேர்க்க நல்ல பள்ளிக்கூடம் எதுன்னு கேட்டீங்க. கலைச்சுடர் மெட்ரிகுலேஷன். கண்ணை மூடிக்கிட்டுச் சேர்க்கலாம். என்ற மக மிருதுளா அங்கதான் பத்தாவது படிக்குது. ஆனா ஒண்ணுங்க, சேர்க்கப் போறப்ப எந்தக் கேட்டு வழியாப் போகோணும்னு என்னைக் கேட்டுட்டுப் போங்க. சிரிக்காதீங்க. அந்தக் கேட்டுக்குப் பின்னால ஒரு வருசத்துப் போராட்டம் இருக்குது. நியாயத்துக்காக இந்தப் பொங்கியண்ணன் ஒத்தை ஆளா நின்ன போராட்டமுங்க.

நான் பத்திரம் எழுத ஆரம்பிச்சு இருபத்தாறு வருசமாச்சு. எனக்கு எதைப் பார்த்தாலும் எல்லைதான் முதல்ல கண்ணுக்குத் தெரியும். இன்னாருக்கு வடக்கு, இன்னாருக்குக் கிழக்கு, இதுக்கு நடுவுல இவ்வளவு பூமி. சோத்துத் தட்டுல கூட சாம்பாருக்கு மேக்கால பொரியல் இருந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். என்ற சம்சாரம் வசந்தாமணி இதுக்காகவே ஒருவாட்டி தட்டைத் திருப்பி வெச்சுட்டா. அன்னைக்கு நான் பட்டினி.

சரி, விசயத்துக்கு வர்றேன். சென்னையில கணித அன்பர் மன்றம்னு ஒண்ணு இருக்குது. வருசா வருசம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குக் கணக்குப் போட்டி வெப்பாங்க. எண்பது மார்க்கு. மாநிலத்தையே மண்டலம் மண்டலமாப் பிரிச்சு, மண்டலத்துக்கு இருபது பேரை எடுத்து, ஏற்காட்டுல பத்து நாள் முகாம் நடத்துவாங்க. பெரிய பெரிய புரொபசரெல்லாம் வந்து சொல்லிக் குடுப்பாங்களாமா. இருபதாவது ஆள் என்ன மார்க்கு வாங்கியிருக்காரோ, அதுதான் அந்த மண்டலத்துக் கட்-ஆஃப். புரியுதுங்களா? ரொம்பச் சுலபம்.

போன வருசம் மிருதுளா எழுதுச்சு. அம்பத்தேழு. எண்பதுக்கு அம்பத்தேழுன்னா லேசுங்களா? எங்க மண்டலம் மேற்கு ஒண்ணு. கட்-ஆஃப் அறுபத்தொண்ணு. புள்ளை போகல.

போகலைன்னா போச்சு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இருந்திருப்பேன். ஆனா எங்க மச்சான் சிவமலை இருக்காரே, வசந்தாமணிக்கு அண்ணன், அவரு பையன் நிதிலன் அரசம்பாளையத்துல படிக்கறான். இங்க இருந்து பதினோரு கிலோமீட்டர். அது மேற்கு ரெண்டு. அங்க கட்-ஆஃப் முப்பத்தெட்டு. நிதிலன் முப்பத்தொம்பது. பையன் ஏற்காடு போயிட்டான்.

முப்பத்தொம்பது போகுது, அம்பத்தேழு வீட்டுல உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குது. நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊரு நியாயமுங்க?

மச்சான் சும்மா இருந்தாரா? அரசம்பாளையம் நாலு ரோட்டுல பேனர் கட்டிட்டாரு. ‘ஏற்காடு புறப்படும் எங்கள் கணிதச் சிங்கமே.’ பையன் படம் சின்னதா ஒரு மூலையில, மச்சான் படம் பெருசா நடுவுல. கட்டிட்டு எனக்குப் போனைப் போட்டு, “ஏன் மாப்ள, மிருதுளாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? கணக்குல நல்லா இருந்த புள்ளையாச்சே”ன்னு கேட்டாரு. எனக்கு இங்க இருந்து இங்க வரைக்கும் எரிஞ்சுதுங்க.

மிருதுளாவுக்கு எரியல. அது எங்கயுமே எரியாத புள்ளை. “நிதிலன் முப்பத்தொம்பது எடுத்தது பெரிய விசயம்ப்பா. அவன் பள்ளிக்கூடத்துல ஒன்றரை வருசமாக் கணக்கு வாத்தியாரே இல்ல. பி.டி. வாத்தியாருதான் கணக்கும் எடுக்கறாரு. எங்களுக்கு ரெஜினா மிஸ் தினமும் ஒரு மணி நேரம் தனியாச் சொல்லிக் குடுக்கறாங்க”ன்னுச்சு. நல்ல மனசு. ஆனா வெவரம் பத்தாது. ஒரு ஏக்கர்னா எந்த ஊருலயும் நூறு சென்ட்டுதானுங்க? மார்க்கும் அப்படித்தான்.

அப்பத்தான் மன்றத்துக்காரங்க போட்ட விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படிச்சேன். நாப்பது பக்கம். மத்தவங்க யாரும் படிக்கமாட்டாங்க, எனக்கு அதெல்லாம் அல்வா மாதிரி. பதினேழாம் பக்கத்துல போட்டிருக்குது: ‘ஒரு பள்ளியின் முகப்பு வாயில் எந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் அமைந்துள்ளதோ, அப்பள்ளி அதற்குரிய மண்டலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும்.’

முகப்பு வாயில்! பள்ளிக்கூடமுன்னு போடல. பூமின்னு போடல. வாயில்னு போட்டிருக்கான். கலைச்சுடருக்கு மூலப்பத்திரம் யாரு எழுதினாங்க? நாந்தானுங்க! எனக்குப் பொறி தட்டுச்சு. பழைய நகலை எடுத்துப் பாக்கறேன், அந்த இடம் ரெண்டு கிரயமா வாங்கினது. மெயின் ரோட்டை ஒட்டி முன்னால ரெண்டு ஏக்கர், டவுன் தபாலாபீசு. பின்னால மூணு ஏக்கர், பக்கத்துக் கிராமத்துத் தபாலாபீசு. நடுவுல ஒரு ஓடைதான் எல்லை. அந்த ஓடை இப்ப எங்க இருக்குதுன்னு டேப்பை வெச்சு அளந்து பார்த்தா, எல்.கே.ஜி. வகுப்புக்குக் கீழ போகுது. பெஞ்சுல இந்த முனையில உட்கார்ந்திருக்கற குழந்தை மேற்கு ஒண்ணு, அந்த முனையில இருக்கறது மேற்கு ரெண்டு.

அப்பறம் என்னங்க? முகப்பைப் பின்கேட்டுக்கு மாத்தி, கேட்டைத் திருப்பினாப் போதும். அறுபத்தொண்ணு முப்பத்தெட்டு ஆயிரும்.

பள்ளிக்கூடத்துத் தாளாளர் அர்த்தநாரி ஐயாவைப் போய்ப் பார்த்தேன். விளக்கினேன். “ஐயா, போன தடவை நம்ம புள்ளைங்க பதினாலு பேரு ஏற்காடு போனாங்க. நம்மகிட்ட முப்பத்தெட்டுக்கு மேல வாங்கினவங்க எத்தனை பேரு? நாப்பத்தாறு பேரு! மேற்கு ரெண்டுக்குப் போயிட்டோம்னா இருபது சீட்டும் நம்மளுதுங்கய்யா”ன்னேன். ஐயா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அவரு கண்ணாடியைத் தொடைச்சா விசயம் முடிஞ்ச மாதிரி.

ரெஜினா மிஸ் பக்கத்துல நின்னாங்க. “சார், அங்கயும் இருபது பேரைத்தானே எடுக்கறாங்க”ன்னு இழுத்தாங்க. “மிஸ், நீங்க கணக்கு டீச்சர். இது எல்லை விவகாரம்”னு சொல்லிட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

மிருதுளாவும் வீட்டுல என்னமோ சொல்லுச்சு. “அப்பா, அந்த அறுபத்தொண்ணு எங்க இருந்து வந்துச்சு? அந்த இருபது பேருல பதினாலு பேரு நாங்கதானே”ன்னுச்சு. “அதைத்தான் கண்ணு நானும் சொல்றேன், எவ்வளவு கூட்டம் பாரு. அதனாலதான் உன்னை அங்க இருந்து கூட்டீட்டுப் போறேன்”னேன். “கூட்டமும் நம்ம கூடவே வருதுப்பா”ன்னுச்சு. “வரட்டும், நம்ம புள்ளைங்கதானே”ன்னேன். புள்ளை தலையை ஆட்டிட்டு நோட்டை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிருச்சு. படிக்கற புள்ளைங்களுக்கு ஊரு உலகம் தெரியாதுங்க.

பள்ளிக்கூடத்தைத் திருப்பறது லேசுன்னு நெனச்சுட்டேன். லேசு இல்லைங்க. பின்கேட்டு எதுல திறக்குதுன்னா, ஒரு எருமைத் தொட்டிக்கு நேரா. பழனாத்தாங்கற அம்மாவோட எருமைங்க. எட்டு மணிக்கு அதுங்க தண்ணி குடிக்கற நேரம், நம்மளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கற நேரம். நாலு நாளு எருமையும் எல்.கே.ஜி.யும் ஒண்ணாத்தான் உள்ள வந்துச்சு. பழனாத்தா, “முப்பது வருசமா எருமை போற வழிங்க இது, பள்ளிக்கூடந்தான் குறுக்க வந்துருக்குது”ன்னு நின்னுக்கிட்டாங்க. அவங்க சொல்றதுலயும் பாத்தியதை இருக்குதுங்க.

பின்கேட்டைத் தாண்டினா ஹாஸ்டல் சமையக்கட்டு. பெத்தவங்க அட்மிசனுக்கு வந்தா வரவேற்பறைக்குப் போறதுக்கு முன்னால புளிக்குழம்பைத் தாண்டித்தான் போகோணும். பிரேயரை வேற திருப்பினோம். முன்னெல்லாம் புள்ளைங்க மேக்கால பார்த்து நிப்பாங்க. இப்பக் கிழக்கால. காலைச் சூரியன் நேரா மூஞ்சியில. அந்த வருசத்து குரூப் போட்டோவுல அறுநூத்துச் சொச்சம் பேரும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறாங்க. அர்த்தநாரி ஐயா அதைப் பார்த்துட்டு, தியானம் பண்றாங்கன்னு கீழ எழுதி விளம்பரத்துல போட்டுட்டாரு. அந்த வருசம் அட்மிசன் கூடுச்சு.

முன்கேட்டுல ஒரு பிள்ளையார் இருந்தாரு. பரீட்சைன்னா புள்ளைங்க அவருக்குத் தோப்புக்கரணம் போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. இப்ப அவரு பின்னால போயிட்டாரு. சும்மா விட முடியுமா? பின்கேட்டுல இன்னொரு பிள்ளையாரை வெச்சோம். புள்ளைங்க என்ன பண்ணுச்சுங்கன்னா, எதுக்கு வம்புன்னு ரெண்டு பேருக்கும் போட ஆரம்பிச்சிருச்சுங்க. புதுப் பிள்ளையாருக்கு மூணு, பள்ளிக்கூடத்துக்குள்ள ஓடிப் போய்ப் பழையவருக்கு மூணு. முதல் பீரியடு தினமும் பத்து நிமிசம் லேட்டு.

இதுல மன்றத்துல இருந்து ஒருத்தரு சரிபார்க்க வர்றேன்னு சொல்லிட்டாரு. வாழைமரம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டி, எருமைங்களை வேற பக்கம் ஓட்டி, எல்லாம் தயார். கார் வந்து நின்னுது. வாட்ச்மேன் மயில்சாமி இருபது வருசப் பழக்கத்துல ஓடிப் போய், “ஐயா, இது பின்கேட்டுங்க, சுத்திக்கிட்டு முன்கேட்டுக்கு வாங்க”ன்னு சல்யூட் அடிச்சிட்டான்! எனக்கு உசிரே போயிருச்சு. நான் குறுக்க பூந்து, “ஐயா, அவன் உள்ள இருந்து பாக்கறான். உள்ள இருந்து பார்த்தா எல்லாக் கேட்டும் பின்கேட்டுத்தானுங்க”ன்னேன். வந்தவரு பெயர்ப்பலகையைப் படிச்சாரு. அப்பறம் பையிலிருந்து படிவத்தை எடுத்து, மேற்கு ரெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து வசந்தாமணிகிட்ட, “உங்கண்ணன்கிட்டச் சொல்லு, பேனர் கட்டற கயிறை அவுத்து இங்க குடுத்தனுப்பச் சொல்லு”ன்னேன். அவ சாம்பாரைப் பொரியலுக்கு மேக்கால வெச்சா.

பரீட்சை வந்துச்சு. மிருதுளா எழுதிட்டு வெளிய வந்துச்சு. “எப்படிக் கண்ணு?”ன்னேன். “நல்லா எழுதியிருக்கேன்பா. கடைசிக் கேள்வி ரொம்ப நல்லா இருந்துச்சு. நீங்களே ஒரு கணக்கு உருவாக்கி நீங்களே விடை எழுதுங்கன்னு. பத்து மார்க்கு”ன்னு சொல்லிச் சிரிச்சுது. ஒரு மாதிரியா, என்னையே பார்த்துச் சிரிச்சுது. எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு மாசத்துல ரிசல்ட்டு. மிருதுளா அம்பத்தொம்பது. போன தடவையை விட ரெண்டு கூட. நான் ஸ்வீட் ஆர்டர் பண்றதுக்குப் போனை எடுத்துட்டேன். அப்பறம் மேற்கு ரெண்டு கட்-ஆஃபைப் பார்த்தேன்.

அறுபது.

முப்பத்தெட்டா இருந்த கட்-ஆஃபுங்க! அறுபது! எங்க புள்ளைங்க பதினஞ்சு பேரு, அந்த மண்டலத்துல முன்னாடியே இருந்த புள்ளைங்க அஞ்சு பேரு, மொத்தம் இருபது. இருபத்தொண்ணாவது ஆளு என்ற மக. இருபதாவது யாருன்னு நெனச்சீங்க? அதே பெஞ்சுல மிருதுளா பக்கத்துல உட்கார்ற புள்ளை. சரி, நாம விட்டுட்டு வந்த மேற்கு ஒண்ணு எவ்வளவுன்னு பார்த்தேன். நாப்பது. நாங்க கிளம்பினதும் வேணும்னே குறைச்சுட்டாங்க. நான் வந்தா ஏத்தறதும், நான் போனா எறக்கறதும்! இதுல என்னமோ சதி இருக்குதுன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு.

சதின்னா சதிதான், ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப நான் அதை எல்லாம் நெனைக்கல. புள்ளை அழுதுச்சுங்க. சத்தமே இல்ல. நோட்டுல மூஞ்சியைக் கவுத்துக்கிட்டு, தோளு மட்டும் குலுங்குச்சு. அது விழுந்து முட்டி கிழிஞ்சப்பக் கூட அழாத புள்ளை. எனக்குத் தாங்கலைங்க. தலையில கையை வெச்சு, “விடு கண்ணு, ஒரு மார்க்குதானே”ன்னேன். தலையைத் தூக்கி, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, “அப்பா, ரெண்டு லிஸ்டையும் வெச்சுப் போட்டுப் பார்த்தேன். நகராம பழைய கேட்டுலயே இருந்திருந்தா நான் பத்தொன்பதாவது”ன்னுச்சு. வருத்தத்துல புள்ளை என்னென்னமோ சொல்லுதுன்னு வசந்தாமணியைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, அதை விடுங்க.

மறுநாள் காலையில சிவமலை மச்சான் வந்து நிக்கறாரு. செருப்பைக் கூடக் கழட்டல. “ஏன் மாப்ள, உனக்கு நல்லா இருக்குதா? என்ற பையன் இந்த வருசம் நாப்பத்தி நாலு! தானாப் படிச்சு, யூடியூப் பார்த்து, நாப்பத்தி நாலு வாங்கியிருக்கான். உங்க பள்ளிக்கூடம் மட்டும் வராம இருந்திருந்தா ஏற்காடு போயிருப்பான். இந்தத் தடவை எங்க மண்டலத்துல கூரைப் பள்ளிக்கூடத்துப் புள்ளை ஒண்ணு கூடப் போகல. உங்க ஊட்டுக் கேட்டைத் திருப்பறதுக்கு எங்க புள்ளைங்கதான் கிடைச்சாங்களா?”ன்னு கேட்டாரு.

நான் என்ன சொன்னேன்னா, “மச்சான், நான் மேற்கு ரெண்டுக்குச் சட்டப்படி வந்திருக்கேன். மூணு ஏக்கர் அங்க இருக்குது. பத்திரம் இருக்குது, பாத்துக்குங்க”ன்னேன். பையன் போகலைங்கறதுல எனக்குச் சின்னதா ஒரு குளிர்ச்சி. இல்லைன்னு சொன்னா சாமி கண்ணைக் குத்தும். ஆனா மிருதுளா ரூமை விட்டு வந்து, “மாமா, நிதிலனை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க அனுப்புங்க. ரெஜினா மிஸ் குடுக்கற கணக்கெல்லாம் நான் அவனுக்குச் சொல்லித் தர்றேன்”னுச்சு. மச்சான் அதுக்கப்பறம்தான் செருப்பைக் கழட்டினாரு. காப்பி குடிச்சுட்டுப் போனாரு. இவளை யாரு இதுல கூப்பிட்டதுன்னு எனக்குக் கோவம்தான்.

அதுக்கப்பறம் நடந்ததைக் கேளுங்க. மூணு வாரம் கழிச்சு மன்றத்துல இருந்து மிருதுளா பேருக்கு ஒரு கவர். பள்ளிக்கூடத்து விலாசத்துக்குத்தான் வந்திருக்குது. டவுன் தபால்காரரு, அது கிராமத்து லிமிட்டுன்னு திருப்பியிருக்காரு. கிராமத்துத் தபால்காரரு, என்ற லிமிட்டுல எருமைத் தொட்டிதான் இருக்குதுன்னு திருப்பியிருக்காரு. ஒம்பது நாளு ரெண்டு பேருக்கும் நடுவுல அலைஞ்சுட்டுக் கடைசியில பழனாத்தா கையில குடுத்திருக்காங்க. அந்தம்மா கொண்டாந்து குடுத்தாங்க.

பிரிச்சா, ‘மாணவி மிருதுளா பொங்கியண்ணன் கடைசி வினாவுக்கு எழுதிய விடை, நடுவர் குழுவினர் அனைவரையும் கவர்ந்தது. எனவே அவரை நடுவர் குழுவின் சிறப்பு இடத்தில் முகாமுக்கு அழைக்கிறோம்’னு போட்டிருக்குது. வர்ற திங்கக்கிழமை ஏற்காடு போகுதுங்க என்ற புள்ளை! கம்பளி வாங்கியாச்சு. ரெண்டு நோட்டு வேற வாங்கியிருக்குது. ஒண்ணு அதுக்காம், இன்னொண்ணு அங்க சொல்லித் தர்றதையெல்லாம் நிதிலனுக்கு எழுதிக் கொண்டாறதுக்காம். ஒரு நோட்டே போதும், கை வலிக்கும்னு சொன்னேன். கேக்கல.

அந்தக் கடுதாசியை வாசிச்சு முடிச்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சந்தோசமுங்க, வேறென்ன. இப்ப யோசிச்சுப் பாருங்க. நான் கேட்டைத் திருப்பலைன்னா, அது பத்தொன்பதாவதாவோ என்னமோ போயிருக்கும். பத்தோட பதினொண்ணு. இப்ப மாநிலத்துக்கே ஒரே ஒரு சிறப்பு இடம். யாருனால? நான் வாயைத் திறந்து சொல்றதில்ல. ஆனா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

கவர்ல இன்னொரு தாளும் இருந்துச்சு. அடுத்த வருசத்துல இருந்து வாயில் கணக்கு கிடையாதாம். ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து ஆறு பேருக்கு மேல போகக் கூடாதாம். சொல்லிக் குடுக்க ஆளில்லாத பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குத் தனியா இடமாம். என்ன அக்கிரமம் பாருங்க! நாப்பது பேரு நல்லாப் படிக்கற இடத்துல ஆறு பேருன்னா மத்தவங்க எங்க போறது? அடுத்த வருசம் எங்க புள்ளை பதினொண்ணாவது. அதுலயும் போட்டி இருக்குது.

நான் விடுவனா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறுன்னா, ரெண்டு பள்ளிக்கூடத்துக்குப் பன்னெண்டு. முன்னால ரெண்டு ஏக்கர் ஒரு பள்ளிக்கூடம், பின்னால மூணு ஏக்கர் இன்னொரு பள்ளிக்கூடம். கேட்டு ரெண்டு இருக்குது, பிள்ளையார் ரெண்டு இருக்காரு, வேறென்ன வேணும்? நடுவுல எல்.கே.ஜி.யை மட்டும் எந்தப் பக்கம் சேர்க்கறதுன்னு தெரியல. அர்த்தநாரி ஐயாகிட்டப் பாகப் பிரிவினைப் பத்திரம் டிராஃப்டு குடுத்திருக்கேன். கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு இருக்காரு.

பதிமூணு கூப்பிடறாங்க, உங்களுது இன்னும் நேரம் இருக்குது. புள்ளை எழுதின அந்த விடையைப் படிக்கறேன், கேளுங்க. நகல் அனுப்பியிருந்தாங்க, லேமினேசன் பண்ணி வெச்சிருக்கேன். கண்ணாடி எங்க போச்சு? ம், இருக்குது.

‘வினா: ஒரு கடையில் இரண்டு வரிசைகள் இருந்தன. முதல் வரிசை நீளமானது. இரண்டாவது வரிசை சிறியது. முதல் வரிசையில் நின்ற ஒருவர், இது அநியாயம் என்று கோபப்பட்டு, தன்னோடு நின்ற எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் நின்றார். அ) இப்போது எந்த வரிசை நீளமானது? நிறுவுக. ஆ) அவர் மீண்டும் கோபப்பட்டு அடுத்த வரிசைக்குப் போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் அதுவே ஆகும் என நிறுவுக. இ) இரண்டாவது வரிசையில் முதலிலிருந்தே நின்றிருந்த ஒரு பையன் செய்த தவறு எத்தனை?’

விடையெல்லாம் ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்குது, எக்ஸு, வொய்யின்னு. அது நமக்கு வேண்டாம். கடைசி வரி மட்டும் பாருங்க. ‘இ) விடை: பூச்சியம். குறிப்பு: அந்த ஒருவர் கெட்டவர் அல்ல. தன் மகளுக்காகவே அப்படிச் செய்தார். வரிசையை எண்ணும்போது தன்னை எண்ண மறந்துவிட்டார், அவ்வளவுதான்.’

எவ்வளவு பக்குவமா எழுதியிருக்குது பாருங்க! பேரு போடல. மாமனாச்சேன்னு மரியாதைக்காக விட்டிருக்குது. மகனை மகள்னு மாத்திப் போட்டிருக்குது, யாருன்னு தெரியக் கூடாதுன்னு. ஆனா எனக்குப் படிச்ச உடனே தெரிஞ்சு போச்சுங்க. அடுத்த தடவை சிவமலை வீட்டுக்கு வரட்டும், சத்தமாப் படிச்சுக் காட்டறேன். ஊரையே கூட்டிக்கிட்டு அடுத்தவன் வரிசையில போய் நின்னுட்டு, அநியாயம் அநியாயம்னு கத்தற ஆளு எங்க குடும்பத்துல அவரை விட்டா வேற யாருங்க இருக்காங்க?